சயனைடு தண்ணில இருக்க தங்கம் கரில எப்படி ஒட்டுது?

தொட்டிக்கரி:
காங்கயம் பக்கம் தேங்காத்தொட்டி கரில ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்ணிய ஓட்டைங்க நிறைஞ்ச கரி) பண்ற கம்பெனி, லேப்ல இருக்கேன். தங்கச் சுரங்கத்துக்குன்னே தனி கிரேடு போகுது, அங்க தங்கத்த சயனைடு தண்ணில கரைச்சு இந்த கார்பன்ல ஒட்ட வச்சு எடுக்கறாங்க. ஆனா ஒரு விஷயம் பிடிபடவே இல்ல. தங்க சயனைடு நெகட்டிவ் அயனி, பிஎச் 10க்கு மேல கார்பன் மேற்பரப்பும் நெகட்டிவ்தான், ரெண்டும் தள்ளிக்கணும்ல? ஓட்டைல மாட்டிக்குதுன்னு சொல்றாங்க, அதுதான் காரணம்னா எல்லா உப்பும் மாட்டணுமே.

உலோகப்பித்தன்:
நல்ல கேள்வி. அந்த அயனி தனியா போகாது, கால்சியம் மாதிரி ஒரு பாசிட்டிவ் அயனிய கூட்டிட்டு ஜோடியாத்தான் போகும், அப்ப மொத்த சார்ஜ் பூஜ்யம். அதோட தங்க சயனைடு சைஸ்ல பெருசு, சார்ஜ் ஒண்ணே ஒண்ணு, அதனால தண்ணி அத இறுக்கிப் பிடிக்காது, கார்பன் பக்கம் சுலபமா சாஞ்சிடும். தங்கத்தோட கூடவே கரையுற காப்பர பாருங்க, புரியும். ஃப்ரீ சயனைடு (எந்த உலோகத்தோடயும் சேராம இருக்கறது) கம்மியா இருந்தா காப்பர் ரெண்டு சயனைடோட நிக்கும், தங்கத்தோட இடத்துக்கு போட்டிக்கு வரும். சயனைட ஏத்துனா மூணு நாலுன்னு சேர்ந்து சார்ஜ் கூடிடும், அப்புறம் கார்பன சீண்டாது, தண்ணிலயே தங்கிடும். ஓட்டை முக்கியம்தான், ஆனா அது இடம் மட்டும்தான் குடுக்குது.

மஞ்சக்கல்லு:
மேல சொன்னது சரி, ஒண்ணு சேர்த்துக்கறேன். சயனைடுல இருந்து ஒட்டுற தங்கம் உலோகமா மாறுறதில்ல, பெரும்பாலும் சயனைடாவேதான் இருக்கு. குளோரைடுல கரைச்ச தங்கம்னா வேற, கார்பனே எலக்ட்ரான் குடுத்து உலோகமாக்கிடும். ஒட்டும்போது வெப்பம் வெளியேறும், அதனால சூடு ஏத்துனா பிடி தளரும், சூடான காஸ்டிக் சோடா சயனைடு கரைசல விட்டு தங்கத்த கழட்டிட்டு கார்பன திரும்ப பயன்படுத்துறது இத நம்பித்தான். அமெரிக்கால ஹோம்ஸ்டேக் சுரங்கத்துல 1973லயே இப்படி பெரிய அளவுல ஓட ஆரம்பிச்சிடுச்சு.

தொட்டிக்கரி:
இப்ப புரியுது, ரொம்ப நன்றி. கால்சியம் உதவுதுன்னா அப்புறம் ஏன் கார்பன ஆசிட்ல கழுவுறாங்க?

உலோகப்பித்தன்:
கரைஞ்ச கால்சியம் நல்லது. பிஎச் இறங்காம இருக்க போடுற சுண்ணாம்பு கார்பனேட்டா மாறி ஓட்டைய அடைச்சிடும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அதுக்குத்தான். ஆனா அதுக்கு முன்னாடி தண்ணில நல்லா அலசியே ஆகணும், சயனைடு மிச்சம் இருக்கறப்ப ஆசிட் பட்டா ஹைட்ரஜன் சயனைடு கேஸ் வரும், ஆளக் கொன்னுடும். லேப்ல ஓட்டிப் பாக்குறதா இருந்தா ஃபியூம் ஹூட் (விஷ வாயுவ உறிஞ்சி வெளிய தள்ளுற கூண்டு) இல்லாம தொடவே தொடாதீங்க.