கழுவும் பகுதிக் கன்வேயரில் எஸ்.எஸ். பேரிங்கும் ஏழு வாரம் தாண்டவில்லை: எதை வாங்குவது?

இரவுப்பணி
வணக்கம். உணவு உற்பத்திக் கூடம் ஒன்றில் இயந்திரப் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். நாள்தோறும் கழுவப்படும் ஒரு கன்வேயரின் பேரிங்குகள் ஏழு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. முன்பு சாதாரணக் குரோம் எஃகுப் பேரிங் போட்டிருந்தோம். துருதான் காரணம் என்று மேலிடத்தில் வாதாடி, 440சி எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பேரிங்குக்கு மாறினோம். அதுவும் அதே ஏழு வாரத்தில் இறுகிவிட்டது. நாளை மறுநாள் ஆர்டர் போட வேண்டும். எந்த வகையை வாங்குவது என்று அறிந்தவர்கள் உடனே சொன்னால் உதவியாக இருக்கும்.

வரைபலகை
வேகம் என்ன, ஷாஃப்ட் விட்டம் என்ன, கழுவும் நீரின் அழுத்தமும் வெப்பமும் என்ன, எந்த இரசாயனம், எந்த கிரீஸ் என்று எதுவுமே இல்லையே, நண்பரே. இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: எல்லாப் பேரிங்குகளும் போகின்றனவா, குறிப்பிட்ட சில மட்டும் போகின்றனவா?

காந்தக்கல்
உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பேரிங்கின் மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஸ்.எஸ். அன்று, மேலே மெருகு பூசிய சாதாரண எஃகு.

கிரீஸ்துப்பாக்கி
எஃகை விடுங்கள். தண்ணீர் கிரீஸைக் கழுவிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை கழுவிய பிறகும், பேரிங்கை மூடும் ரப்பர் வளையமான சீலின் விளிம்பில் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். உள்ளே போன தண்ணீரை அது வெளியே தள்ளிவிடும். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்து வருகிறேன்.

பழைய_ஃபிட்டர்
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு முறை வருகிறது. முந்தைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்ன தம்பி அறிந்துகொள்ள வேண்டியது: 440சி கடினப்படுத்தப்படும் மார்ட்டன்சைட் வகை எஃகு, ஆகவே அது காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டாதது 304, 316 போன்ற வகைகள். அவற்றை வெப்பத்தால் கடினப்படுத்த முடியாது என்பதால், சுமை மிகக் குறைந்த இடங்களைத் தவிர வேறெங்கும் அவை உருளும் பேரிங்குக்கு ஆகா. 440சி எஃகில் குரோமியம் 16 முதல் 18 விழுக்காடு இருந்தாலும், ஏறத்தாழ 1 விழுக்காடு கரிமமும் உண்டு. அந்தக் கரிமம் குரோமியத்தில் ஒரு பகுதியைக் கார்பைடாகப் பிடித்து வைத்துக்கொள்வதால், துருவை எதிர்க்கும் ஆற்றலில் அது 304 அளவுக்குக்கூட வராது. குளோரின் கலந்த நுரை அதன் மேல் நின்றால் குழிக்குழியாக அரிக்கும். எஸ்.எஸ். என்ற பெயரை நம்பி வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

காந்தக்கல்
எங்கள் கூடத்தில் காந்தத்தில் ஒட்டாத எஸ்.எஸ். பேரிங் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐயா.

பழைய_ஃபிட்டர்
பேரிங்கைத் தாங்கும் ஹவுசிங்கில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். ஹவுசிங் வேறு, பேரிங் வேறு.

காந்தக்கல்
இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமலா இத்தனை காலம் வேலை பார்க்கிறேன்? உள்வளையத்திலேயே வைத்துப் பார்த்தேன். மெதுவாகச் சுற்றும் சிறிய உருளை அது.

வரைபலகை
அப்படியானால் அது 316 வளையமாகவோ, பீங்கான் அல்லது நெகிழிக் குண்டுகள் போட்ட பேரிங்காகவோ இருக்கலாம். மெதுவாகச் சுற்றும் சிறிய உருளைக்கு அது போதும். இருவர் சொன்னதும் தத்தம் இடத்தில் சரிதான். கேட்டவரின் பதிலுக்குக் காத்திருப்போம்.

இரவுப்பணி
தாமதத்துக்கு மன்னிக்கவும். காந்தம் ஒட்டுகிறது. ஷாஃப்ட் 25 மி.மீ., யூசி205 அளவுப் பேரிங், நிமிடத்துக்கு 80 சுற்று. வெப்பப் பகுதியிலிருந்து வெளிவரும் கன்வேயர் என்பதால், நிறுத்தும்போது ஹவுசிங் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். வேலை நேரம் முடிந்தவுடன் குளிர்ந்த நீரில் அலசி, குளோரின் கலந்த கார நுரை அடித்து, பிறகு உயர் அழுத்தத்தில் சுடுநீர் பாய்ச்சுகிறார்கள். போவது வெளிவாய் முனையில் உள்ள இரண்டு பேரிங்குகள் மட்டுமே. மற்றவை இரண்டு ஆண்டுகளாக ஓடுகின்றன. அந்த இரண்டுக்கு மட்டும் ஷாஃப்டின் முனையை மறைக்கும் மூடி உண்டு. கிரீஸ் எங்கள் கையிருப்பில் உள்ள எச்1 (உணவுக்கூடத் தர) கால்சியம் சல்ஃபோனேட். பேரிங்கோடு வந்த கிரீஸ் என்னவென்று தெரியாது.

வரைபலகை
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் காந்தத்துக்கு வேலையே இருந்திருக்காது. சூடான பேரிங்கின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றும் அந்த முதல் அலசலிலேயே கதை முடிந்துவிடுகிறது. சீலுக்குள் அடைபட்ட காற்று 70 பாகையிலிருந்து 20 பாகைக்கு இறங்கினால், அதன் அழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, சீல் உதட்டைச் சுற்றி நிற்கும் தண்ணீரைப் பேரிங் தானே உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு வரும் நுரையும் அதே வழியில் நுழைகிறது. எஃகை மாற்றினாலும் உறிஞ்சுவது நிற்காது. அதனால்தான் குரோம் எஃகும் 440சி எஃகும் ஒரே ஏழு வாரத்தில் போயின.

என் ஊகம் சரிதானா என்று பார்க்க, கழற்றிய பேரிங் ஒன்றை வெட்டித் திறந்து பாருங்கள். கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஓடுபாதையில் குண்டுகளின் இடைவெளிக்கு ஏற்பக் கறைகள் இருந்தால், இயந்திரம் நிற்கும் நேரத்தில் தண்ணீர் தேங்கி அரித்திருக்கிறது. உள்வளையத்துக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மட்டும் செந்நிறப் பொடி இருந்தால் அது வேறு நோய். பொருத்தம் தளர்ந்து உராய்வதால் வருவது, தண்ணீரின் மேல் பழி போட முடியாது.

கிரீஸ்துப்பாக்கி
நான் சொன்னதும் அதைத்தானே? அடைத்துக் கிரீஸ் அடித்தால் உறிஞ்ச இடம் எங்கே இருக்கும்?

வரைபலகை
பாதி சரி. கழுவிய பிறகு, இயந்திரம் மெதுவாக ஓடும்போது, கொஞ்சம் கிரீஸ் ஏற்றுவது நல்லதே. ஆனால் நிற்கும் பேரிங்கில் அழுத்தி அடித்தால் சீல் பிதுங்கிவிடும், அதன் பிறகு தண்ணீருக்குக் கதவே திறந்ததுபோல் ஆகும். தவிர, பேரிங்கோடு வந்த கிரீஸ் பாலியூரியா வகையாக இருந்தால், கால்சியம் சல்ஃபோனேட்டோடு சேரும்போது நீர்த்து ஒழுகக்கூடும். இரண்டும் எச்1 என்பதால் ஒத்துப்போகும் என்று எண்ண வேண்டாம். உணவில் தற்செயலாகச் சிறிதளவு பட்டால் ஏற்கத்தக்கது என்பதே எச்1 முத்திரையின் பொருள். இரு கிரீஸ்களின் பொருத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பஞ்சுக்கூடு
கிரீஸே வேண்டாம் என்பேன். நுண்துளைப் பாலிமருக்குள் எண்ணெயை ஊறவைத்து, குண்டுகளைச் சுற்றியுள்ள வெற்றிடம் முழுவதையும் நிரப்பிய திட எண்ணெய்ப் பேரிங் கிடைக்கிறது. உள்ளே காற்றுக்கு இடமே அரிது என்பதால் உறிஞ்சவும் அதிகம் இல்லை, கழுவிப் போகவும் ஒன்றும் இல்லை. உயர்ந்த வேகத்துக்கு ஆகாது. 80 சுற்று அதற்கு விளையாட்டு. வெப்ப வரம்பை மட்டும் தயாரிப்பாளரிடம் உறுதிசெய்யுங்கள், பொதுவாக 85 பாகைக்கு அருகில் இருக்கும். எச்1 எண்ணெய் ஊறியதைக் கேட்டு வாங்குங்கள். நிப்பிள் வழியே கிரீஸ் அடிக்கக் கூடாது.

பழைய_ஃபிட்டர்
உயர் அழுத்தச் சுடுநீர் உள்ளே புகாது என்னும் ஐபி69கே முத்திரையுள்ள பேரிங்கை வாங்கினால் இத்தனை பேச்சும் தேவைப்படாது.

பஞ்சுக்கூடு
அந்தச் சோதனை என்ன என்று பாருங்கள், ஐயா. 80 பாகை நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், 10 முதல் 15 செ.மீ. தொலைவிலிருந்து, நான்கு கோணங்களில் தலா 30 விநாடி பாய்ச்சுகிறார்கள். மொத்தம் இரண்டு நிமிடம். நாள்தோறும் நுரையில் ஊறி, சூடும் குளிரும் மாறி மாறிப் படுவதைப் பற்றி அந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது.

பழைய_ஃபிட்டர்
சோதனை விவரம் எனக்கும் தெரியும். இல்லாததைவிட இருப்பது மேல் என்றுதான் சொன்னேன். அது கிடக்கட்டும், அந்த மூடியை யாராவது கவனித்தீர்களா? நன்றாக ஓடும் பேரிங்குகளுக்கு மூடி இல்லை என்பதைக் கேட்டவரே சொல்லியிருக்கிறார்.

வரைபலகை
ஒப்புக்கொள்கிறேன், நான் அதைத் தவறவிட்டேன். மூடிக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றிச் சீலோடு ஒட்டியே நிற்கும். ஆனால் சுழலும் ஷாஃப்ட் முனையைத் திறந்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. கழற்றாமல், மூடியின் அடிப்புள்ளியில் வடிகால் துளை உள்ளதாக மாற்றுங்கள்.

இரவுப்பணி
மூடியைத் திறந்தேன். உள்ளே பாதியளவு பழுப்பு நீர். பேரிங்கை வெட்டிப் பார்த்ததில் கிரீஸ் வெளுத்திருக்கிறது, குண்டு இடைவெளியில் கறைகள் உள்ளன. ஷாஃப்டில் செந்நிறப் பொடி இல்லை. திட எண்ணெய்ப் பேரிங் இரண்டும் துளையுள்ள மூடி இரண்டும் ஆர்டர் போட்டுவிட்டேன். நிறுத்தியவுடன் கழுவாமல், வெறும் கன்வேயரை அரைமணி நேரம் ஓட்டிச் சூடு தணிந்த பிறகு கழுவுமாறு சொல்லியிருக்கிறேன். கழுவும் குழு நேரமில்லை என்கிறது.

வரைபலகை
அரைமணி இல்லையென்றால், முதல் அலசலையாவது குளிர்ந்த நீரில் செய்யாமல் வெதுவெதுப்பான நீரில், குறைந்த அழுத்தத்தில் செய்யச் சொல்லுங்கள். நுனிக்குழாயைச் சீலுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது. சீல் எந்த ரப்பர் என்றும் கேட்டீர்களா? நைட்ரைல் என்றால் குளோரின் நுரையில் அது காலப்போக்கில் கெட்டிப்பட்டு விரிசல் விடும்.

இரவுப்பணி
பதினொரு வாரம் ஆகிறது, இரண்டும் ஓடுகின்றன. வெதுவெதுப்பான நீருக்கு மாறிவிட்டார்கள். அனைவருக்கும் நன்றி.

வரைபலகை
மகிழ்ச்சி. சீல் ரப்பரைப் பற்றிக் கேட்டிருந்தேனே?

காந்தக்கல்
புதிய பேரிங் காந்தத்தில் ஒட்டுகிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள்.