‘ப்யூட்’: எச்சக்குன்றா, கோபுரக்குன்றா, அடுக்குக்கரடா?

வணக்கம் ஐயா. நம் கலைச்சொல் பதிவில், பாலைநில நிலவுருக்களில் ஒன்றான ‘ப்யூட்’டுக்கு (செங்குத்துச் சுவர்களோடு தனித்து நிற்கும் ஒடுங்கிய குன்று) ‘எச்சக்குன்று’ என்று எழுதி வைத்தேன். சமவெளியில் தனித்து எழும் பாறைக்குன்றான இன்செல்பர்க்குக்கும் அதே சொல்தான் வந்து நிற்கிறது. ‘கோபுரக்குன்று’ என்று மாற்றிவிடலாமா? அரிசோனா–யூட்டா எல்லையிலுள்ள மானுமென்ட் வேலியின் படங்களைப் பார்த்தால் அதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. ப்யூட்டின் தலையிலிருக்கும் வன்பாறையான ‘கேப் ராக்’கை ‘மூடுபாறை’ என்றே விட்டுவிடவா?

*

வணக்கம் அம்மா. கோபுரக்குன்று காதுக்கு இனிமைதான். ஆனால் சீனாவின் குயிலின் பகுதியில் சுண்ணாம்புப்பாறை கரைந்து எஞ்சிய ‘டவர் கார்ஸ்ட்’ குன்றுகளுக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கும். இங்கே செலவழித்துவிட்டால் அங்கே கையைப் பிசைய வேண்டும். எச்சக்குன்று அதைவிடச் சிக்கல். அரிப்பில் மிஞ்சியது எதுவானாலும் எச்சம்தானே.

உருவத்தை விட்டுவிட்டு, அது ஏன் அப்படி நிற்கிறது என்பதிலிருந்து சொல்லை எடுப்போம். மானுமென்ட் வேலியில் மெரிக் ப்யூட்டும் மிட்செல் மேசாவும் (மேசா என்பது உச்சி அகன்று தட்டையான குன்று) பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வெள்ளி தேடிப்போய் அங்கே உயிரிழந்த இருவரின் பெயர்கள் அவை. இரண்டிலும் அடுக்குகள் ஒன்றே. அடியில் ஆர்கன் ராக் எனும் சிவந்த களிப்பாறை, பாவாடை விரித்ததுபோல் சரிவாக. அதன்மேல் டி ஷே மணற்பாறை, செங்குத்துச் சுவராக. அதற்கும் மேலே மோயன்கோப்பி, உச்சியில் ஷினரம்ப் என்ற பாறை அடுக்குகள். அங்குள்ள பெரிய ப்யூட்கள் தரையிலிருந்து சுமார் 300 மீட்டர் எழும்புகின்றன.

அடியிலுள்ள மென்பாறை அரிபட்டதும் மேற்சுவருக்குப் பிடிமானம் போய்விடுகிறது. மணற்பாறையில் மேலிருந்து கீழாக ஓடும் வெடிப்புகளின் வழியே பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. ஆகவே சுவர் சாய்வதில்லை, செங்குத்தாகவே பின்வாங்குகிறது. மேசா இப்படி நாற்புறமும் ஒடுங்கி, உச்சியின் அகலம் உயரத்தைவிடக் குறைந்தால் அது ப்யூட். மேலும் ஒடுங்கினால் வெறும் தூண். இதில் பெரும்பங்கு மழைநீருக்கும், வெடிப்பில் புகுந்து உறையும் நீருக்கும்தான். காற்றின் பங்கு சிறிது. ‘காற்று அரிப்பு’ என்ற தலைப்பில் காளான் பாறைக்குப் பக்கத்தில் இதைச் சேர்ப்பது பிழை. நம் பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

என் பரிந்துரை ‘அடுக்குக்கரடு’. தனித்து நிற்கும் சிறு பாறைக்குன்றைக் கரடு என்பது கொங்குப் பக்கத்தில் இன்றும் புழங்கும் பேச்சு. கிடையான அடுக்குகள்தான் ப்யூட்டின் உயிர். மதுரை யானைமலையில் அப்படிக் கிடையாக அடுக்கிய படிவுகள் கிடையாது, அது உருமாறிய பாறை. அதைப்போன்றவை இன்செல்பர்க் பக்கம் போகும். ‘படிவுக்கரடு’ என்று முதலில் நினைத்துக் கைவிட்டேன். மகாராட்டிரத்தில் எரிமலைக் குழம்பு படலம் படலமாக உறைந்து உண்டான தட்டைத்தலைக் குன்றுகள் இருக்கின்றன. அவை படிவுப்பாறை அல்ல, ஆனால் அடுக்குகள்.

மூடுபாறையில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய்த் துறையில் ‘கேப் ராக்’ என்றால் எண்ணெயும் வாயுவும் கசியாமல் அடைக்கும் பாறை. அது பெரும்பாலும் களிப்பாறை, அல்லது உப்பு. வன்மை அங்கே முக்கியமில்லை. ப்யூட்டின் தலையிலிருப்பதோ வன்மையால் கீழடுக்கைக் காப்பது. மூடுபாறையை எண்ணெய்க்காரர்களுக்கு விட்டு, இதைக் ‘கவசப்பாறை’ எனலாம்.

*

அடுக்குக்கரடு பிடித்திருக்கிறது, ஐயா. ஆனால் மேசாவை ‘அடுக்குமலை’ என்றால் எந்த மலைத்தொடரோ என்று நினைப்பார்கள். அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலுள்ள குன்றுகளின் பெயர்களிலும் குழப்பம். ‘சிவா டெம்பிள்’ என்ற குன்றின் பெயரை ஒருவர் ‘சிவன் கோயில்’ என்று பெயர்த்திருக்கிறார். படிப்பவர் அங்கே கோயிலைத் தேடுவாரே.

*

மேசாவுக்கு ‘மேசைமலை’ போதும் அம்மா. போர்த்துகீசியரிடமிருந்து நம் வீட்டுக்கு வந்த மேசையும் இந்த மேசாவும் ஒரே சொல்தான், தயங்க வேண்டாம்.

இடப்பெயர்களைப் பெயர்க்கவே கூடாது. அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி 1882இல் பெருநூல் வெளியிட்ட நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன், அங்குள்ள குன்றுகளுக்குக் கீழைநாட்டுத் தெய்வங்களின் பெயரை வைத்தார். ஆகவே ‘சிவா டெம்பிள்’ என்று ஒலிபெயர்த்து, பின்னால் வகையைச் சேர்க்க வேண்டும். அதன் உச்சி கைபாப் சுண்ணாம்புப்பாறையாலான அகன்ற தட்டை, எனவே ‘சிவா டெம்பிள் மேசைமலை’. சொராஸ்டர் டெம்பிளோ ஒடுங்கியது, தலையில் கோகோனினோ மணற்பாறைக் கவசம். அது அடுக்குக்கரடு.

பதிவை இப்படி எழுதுங்கள்: “அடுக்குக்கரடு: கிடையான பாறை அடுக்குகள் அரிபட்டபின், கவசப்பாறையின் காப்பில் செங்குத்துச் சுவர்களோடு தனித்து எஞ்சும் குன்று. உச்சியின் அகலம் உயரத்தைவிடக் குறைவு. அகலம் மிகுந்தது மேசைமலை.”