லண்டனில் கிறிஸ்துமஸ் கடைவீதி: எந்த நேரம் போகலாம்?

கேள்வி: டிசம்பர் நடுவில் அம்மாவை லண்டன் கடைவீதிக்குக் கூட்டிப் போகிறேன். விளக்கு அலங்காரம் பார்க்க எந்த நேரம் நல்லது?

பதில்: நாலு மணிக்கே இருட்டிவிடும். மூன்றரைக்கே ரீஜன்ட் தெருவில் இருங்கள். அங்கே 1954இல் முதன்முதலாக விளக்குத் தோரணம் கட்டினார்கள். போன வருடம் கையுறை எடுக்க மறந்து, வறுத்த செஸ்ட்நட் கொட்டைப் பொட்டலத்தை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டே நடந்தேன். வெடித்த தோலை உரித்தால் உள்ளே சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி மாவாக, இனிப்பாக இருக்கும். எனக்கு அந்தச் சூடுதான் கிறிஸ்துமஸ்.

இன்னொரு பதில்: சனிக்கிழமை மட்டும் வேண்டாம், நிற்கவே இடம் இருக்காது. அப்புறம் ட்ரஃபால்கர் சதுக்கத்து மரத்தையும் காட்டுங்கள். 1947 முதல் நார்வே ஆண்டுதோறும் அனுப்பும் மரம் அது.

கேட்டவர்: நன்றி. சரி, செவ்வாய்க்கிழமை போகிறோம். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை வாங்கிவிட்டேன்.