மறுமொழி: மூளைச் சத்திரசிகிச்சையில் கணினிப் பார்வை – ‘வழிசெலுத்தல்’ பொருந்துமா?

> "அகநோக்கிக் கணினிப்பார்வை வழிசெலுத்தல்" என்று வைத்துக்கொள்வோமா?

வணக்கம் அண்ணா,

அகநோக்கியின் (உடலுக்குள் விட்டுப் பார்க்கும் கமெராக் குழாய்) வீடியோவைக் கணினி ஆராய்ந்து சத்திரசிகிச்சை வைத்தியருக்கு இடங்காட்டும் புதிய முறைக்கு நீங்கள் முன்மொழிந்த தமிழ்ப் பெயர் பற்றி எழுதுகிறேன். ‘அகநோக்கி’ என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை. படத்தில் இருப்பதைக் கணினி இனங்காண்பதைக் குறிக்கும் ‘கணினிப் பார்வை’யும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. நெருடுவது ‘செலுத்தல்’தான். மூக்கு வழியாகக் கபச்சுரப்பி (மூளையின் அடியிலுள்ள சுரப்பி) கட்டியை எடுக்கப் போகும்போது இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் உட்சிரசு நாடி இருக்கிறது, மேலே பார்வை நரம்பு. நாடியில் கீறல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த இடத்தில் கருவி வைத்தியரின் கையில் இருக்கிறது. எது எங்கே என்று திரையில் காட்டுவதோடு கணினியின் வேலை முடிகிறது. செலுத்துபவர் யார் என்ற மயக்கத்தைச் சொல் உண்டாக்கக் கூடாது. ஆகவே ‘வழிகாட்டல்’.

ஆனால் அதுமட்டும் போதாது. ஏற்கெனவே உள்ள முறையும் வழிகாட்டல்தானே! முன்கூட்டி எடுத்த எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களை நோயாளியின் தலையோடு பொருத்திவிட்டு, அறையில் நிற்கும் செந்நிறக்கீழ் (அகச்சிவப்பு) கமெராக்களால் கருவியிலுள்ள குறிகளைப் பின்தொடர்வார்கள். மூளையைச் சூழ்ந்துள்ள நீரான மூளைய முண்ணாண் பாய்பொருள் வடிந்ததும் மூளை சற்று அமிழும். கட்டியை எடுக்க எடுக்கச் சுற்றியுள்ள இழையமும் இடம் மாறும். அப்போது கையிலுள்ள படம் பழையதாகிவிடுகிறது. புதிய முறை அகநோக்கியின் வீடியோவையே நம்புகிறது. வீடியோவின் அடுத்தடுத்த சட்டங்களில் (frames) ஒரே புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, ஆழத்தையும் கமெரா நிற்கும் இடத்தையும் மதிப்பிடுகிறது. இரத்தம் தெறித்து அகநோக்கியின் கண்ணாடி வில்லை மறைந்தால் தடுமாறவும் செய்யும்.

இரண்டிலும் படம் உண்டு, கமெராவும் உண்டு. அதனால் ‘படவழிகாட்டல்’, ‘கமெரா வழிகாட்டல்’ எதுவும் பிரித்துக் காட்டாது. வேறுபாடு காலத்தில் இருக்கிறது. எனவே பழையதற்கு முன்பட வழிகாட்டல், புதியதற்கு நேர்காட்சி வழிகாட்டல். ‘நேரலை’ பழகிய காதுக்கு இந்த ‘நேர்’ அந்நியமாக இராது.

படத்தைத் தலையோடு ஒத்துவரச் செய்வதற்கு ‘பதிவு’ (registration) என்று நம் கலைச்சொற் பட்டியலில் இருப்பதையும் மாற்றுங்கள். வைத்தியசாலையில் பதிவு என்றால் காலையில் வரிசையில் நின்று துண்டு எடுப்பது. ‘படப்பொருத்துகை’ என்றால் செய்யும் வேலை தெரிகிறது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் டாக்டர் சாமுவேல் கிறீன் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தபோது, கலைச்சொற்கள் மாணவர் வாயில் புழங்கியாக வேண்டியிருந்தது. நோயாளியின் தாய்க்கு வைத்தியர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கிறதா என்பதே இன்றும் என் அளவுகோல். ‘நேர்காட்சி’ அதில் தேறுகிறது. உங்கள் நீண்ட தொடர் தேறவில்லை.

ஒன்று மட்டும் உங்கள் பக்கத்திலிருந்து தேவை. இலங்கையில் எங்களுக்கு ‘நாடி’ (artery) என்பது தமிழ்நாட்டில் ‘தமனி’. அங்கே நாடி என்றால் துடிப்பு பார்ப்பதாக நினைப்பார்கள். உட்சிரசு நாடியின் பக்கத்தில் உங்கள் வழக்கையும் சேர்த்து அனுப்புங்கள், பட்டியலில் ஒரே இடத்தில் இரண்டையும் இடுவோம்.