வோக்கலுக்கு எந்த கம்ப்ரஸர் போடலாம்?

கேள்வி:
ஒரு மெலடி மிக்ஸ் பண்ணிட்டு இருக்கேன், பல்லவில மெதுவா பாடுறாங்க சரணத்துல திடீர்னு சத்தம் ஏறிடுது. சாஃப்ட்வேர்ல கம்ப்ரஸர் ப்ளக்இன் லிஸ்ட்ல எஃப்இடி, ஆப்டோ, விசிஏ, வேரி-மியூன்னு நாலு வகை இருக்கு, எல்லாமே சத்தத்தை அமுக்கத்தானே செய்யுது, அப்புறம் எதுக்கு நாலு?

பதில் 1:
எவ்ளோ வேகமா பிடிக்குது, எப்படி விடுதுங்கறதுலதான் வித்தியாசமே இருக்கு ப்ரோ. எல்ஏ-2ஏங்கற கம்ப்ரஸர் மாதிரி ஆப்டோல சிக்னல் ஏறினா உள்ள இருக்கற ஒளித்தகடு பிரகாசமாகும், அந்த வெளிச்சம் பட்டு பக்கத்துல உள்ள ஒளி உணரும் செல் சத்தத்தோட லெவலை குறைக்கும். அட்டாக், அதாவது சத்தத்தை பிடிக்க எடுத்துக்கற நேரம், சுமார் 10 மில்லிசெகண்ட், விடும்போது பாதியை சட்டுனு விட்டுட்டு மீதியை மெதுவா விடும், அதனாலதான் குரல் அமுக்கின மாதிரியே தெரியாது, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். 1176ங்கற கம்ப்ரஸர் எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வகை, அட்டாக் 20 மைக்ரோசெகண்ட் வரைக்கும் போகும், திடீர் உச்சத்தை பிடிக்க அதை அடிச்சுக்க ஆளே இல்ல. உங்க பாட்டுக்கு முதல்ல 1176, ரேஷியோ 4:1 (வரம்புக்கு மேல 4 டிபி ஏறினா 1 டிபிதான் வெளிய வரும்), உச்சத்துல மட்டும் 3 டிபி குறையட்டும், அதுக்கப்புறம் எல்ஏ-2ஏ.

பதில் 2:
ஆமா. 1176ல அட்டாக் நாபை வலது பக்கம் திருப்பினா வேகம் கூடும், இது தெரியாம நிறைய பேர் குழம்புறாங்க. விசிஏ டிரம்ஸுக்கும் எல்லா டிராக்கும் ஒண்ணா சேர்ற மிக்ஸ் பஸ்ஸுக்கும் நல்லாருக்கும். வேரி-மியூ வால்வுல (வெற்றிடக் குழாய்) ஓடுறது, அந்த வகையான ஃபேர்சைல்ட் 670ல மட்டும் 20 வால்வு, மிக்ஸ் முடிஞ்சு கடைசியா பண்ற மாஸ்டரிங்ல எல்லா சத்தத்தையும் லேசா ஒட்ட வைக்க அருமை.

கேள்வி கேட்டவர்:
ரெண்டையும் வரிசையா போட்டேன், சரணம் அடங்கிடுச்சு, நன்றி! ஆனா ‘ஸ’ சத்தம் இப்ப குத்துது, அதை குறைக்கற டீ-எஸ்ஸரை கம்ப்ரஸருக்கு முன்னாடி போடணுமா பின்னாடியா?

பதில் 1:
கம்ப்ரஷன்தான் அதை தூக்குது, அதனால பின்னாடி போட்டு பாருங்க.