மில்லி எலக்ட்ரான்வோல்ட் மோதலை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி:
எலக்ட்ரானைப் பிடித்த மூலக்கூறு அயனி உடைந்து நடுநிலைத் துண்டுகளாவதைப் பற்றிப் படிக்கிறேன். சில மில்லி எலக்ட்ரான்வோல்ட்டில் அளந்தார்களாம். அயனிகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் சேமிப்பு வளையத்தில் அவை லட்சக்கணக்கான எலக்ட்ரான்வோல்ட்டில் அல்லவா ஓடுகின்றன?

பதில் 1:
சார்பு வேகம்தான் முக்கியம். அயனிக் கற்றை, எலக்ட்ரான் கற்றை இரண்டும் ஒரே திசையில், ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன. வேகம் ஒத்துப்போக எலக்ட்ரானுக்கு 100 எலக்ட்ரான்வோல்ட் தேவை என்று வையுங்கள். அதை 101 ஆக்கினால் மோதல் ஆற்றல் 1 ஆகாது. வர்க்கமூலங்களின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள்: (10.05 − 10)², அதாவது ஏறத்தாழ 0.0025 எலக்ட்ரான்வோல்ட். எனக்கு இந்த இயற்பியலில் மிகவும் பிடித்த கணக்கு இது! உடைந்த துண்டுகளுக்கு மின்னேற்றம் இல்லை. வளைவில் அயனிகள் திரும்ப, அவை நேரே போய் உணர்கருவியில் விழுகின்றன. அவற்றை எண்ணினால் போதும்.

பதில் 2:
எண்ணினால் மட்டும் போதாது, நண்பரே. அயனி எவ்வளவு சூடாகச் சுழல்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஹைட்ரஜனின் மூவணு அயனிக்கு நிலையான இருமுனைத் திருப்புத்திறன் (மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் தன்மை) இல்லை. தானாகக் கதிர்வீசிக் குளிராது. அதனால்தான் 2003இல் வெளியான ஸ்டாக்ஹோமின் கிரைரிங் சேமிப்பு வளைய அளவீட்டில் அதை, அயனி உருவாகும் மூலத்திலேயே குளிர்வித்தார்கள். ஹீலியம் ஹைட்ரைடு அயனி அப்படியல்ல. ஹைடல்பர்க்கில் உள்ள, மிகக் குளிராக வைக்கப்பட்ட சேமிப்பு வளையத்துக்குள் அது தானே குளிர்ந்தது. 2019இல் வெளியான முடிவு: மிகக் கீழான சுழற்சி நிலைகளில் மறுசேர்க்கை (எலக்ட்ரானைப் பிடித்து உடைதல்) வீதம் அறைவெப்ப அளவீடுகளைவிட வெகுவாகக் குறைவு. ஆதிப் பிரபஞ்ச வேதியியலுக்கு இது பெரிய செய்தி.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் எலக்ட்ரானை முடுக்கும் மின்னழுத்தத்தை நுணுக்கமாக மாற்றி எவ்வளவு கீழும் போகலாமா?

பதில் 1:
முடியாது. எலக்ட்ரான் கற்றைக்கே ஒரு வெப்பப் பரவல் உண்டு. அதற்குக் கீழே அளவீடு மங்கிவிடும்.