பல்விளிம்பு ‘செரேஷன்’: கலைச்சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதியின் ஓடைப்பள்ளங்களில் மழைக்குப் பின் தலைகாட்டும் கிரெட்டேசியக் காலச் (டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டம்) சுறாப்பற்களை, ஆர்வலர்கள் தாமே இனங்காண உதவும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்குவாலிகோராக்ஸ் என்ற அற்றுப்போன சுறாவின் இனங்கள் பெரும்பாலானவற்றில் பல்லின் விளிம்பெங்கும் நுண்ணிய வெட்டுகள் இருக்கும்; ஆங்கிலத்தில் ‘செரேஷன்’. க்ரீட்டலம்னா என்ற மற்றொரு சுறாவின் பல்விளிம்போ வழவழப்பானது; நடுமுனைக்கு இருபுறமும் குட்டிமுனைகள் உண்டு. அந்த வெட்டுகளுக்கு, இலைக்குத் தாவரவியலார் வழங்கும் ‘ரம்பப்பல் விளிம்பு’ என்பதை எடுத்தால், ‘பல்லின் ரம்பப்பல்’ என்று எழுத நேர்கிறது. வேறு சொல் உண்டா?

---

ஐயா, புதிதாக எதற்கு? பொருநராற்றுப்படை ‘அரவாய் வேம்பு’ என்கிறது. வேப்பிலையின் விளிம்பு அரத்தின் வாய் போன்றது. வாய் இங்கே கருவியின் கூர்ப்பகுதி. அரம், அராவுதல், அரம்பம் எல்லாம் ஒரு வேரின. ‘ரம்பம்’ என்பதே தலையிழந்த அரம்பம் என்பது என் துணிபு. பட்டினப்பாலையின் பரதவர் நட்டு வழிபட்ட சுறவுக்கோடும், இருபுறமும் பல்வைத்த வேளாமீனின் கொம்பாகத்தான் இருக்கவேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். ஆகவே, ‘அரவாய்ப்பல்’.

---

ஐயா மன்னிக்கவேண்டும். இன்று எட்டாம் வகுப்பில் ‘அரவாய்’ என்று எழுதிப்போட்டேன். பாதிப் பேர் பாம்பின் வாய் என்றார்கள். பனைமட்டையின் ஓரத்தைத் தடவச் சொன்னதும், வகுப்பே ‘கருக்கு’ என்றது. கதிரறுக்கும் கருக்கரிவாளும் அவர்களுக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு: நீரில் உருண்டு வந்த பல்லில் வெட்டுகள் மழுங்கிவிடுவதால், பிறவியிலேயே வழவழப்பான பல்லென்று ஏமாந்து இனத்தை மாற்றிக் குறித்துவிடுகிறோம். விளிம்பை நகத்தால் வருடி, பிறகு பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால்தான், வேருக்கு அருகே ஒதுங்கியிருக்கும் நாலைந்து வெட்டுகள் கண்ணில் படும். ‘கருக்கற்றது’, ‘கருக்குத் தேய்ந்தது’ என இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிகிறது. அரவாயை வைத்து இதைச் செய்து காட்டுங்கள்.

---

‘அரவாய் மழுங்கியது’ என்றால் என்ன குறை? மாறாக, கருக்குதல் என்றால் தீய்த்தல். புதையுண்ட பற்கள் பலவும் கறுத்தே கிடப்பதால், ‘கருக்குப் பல்’ என்பதைக் கருகிய பல்லென்றே படிப்பார்கள். மக்கள் நாவில் இருப்பதெல்லாம் கலைச்சொல்லாகிவிடாது.

---

சாத்தனூரில் கல்லாகிப்போன தொல்மரத்துக்கு வழங்கும் ‘கல்மரம்’ மக்கள் நாவில் இருந்த சொல்தானே? அதைப் பெயர்ப்பலகையில் ஏற்றுக்கொண்டோமே.

---

வியாழன் இரவு பதினொன்றாகிவிட்டது. கருத்துச் சொன்ன ஐவரில் மூவர் கருக்கின் பக்கம். ஒருவர் இன்னமும் ‘செரேஷன்’ போதும் என்கிறார். மயக்கம் நேராதிருக்க, ‘கருக்குப் பல்’ என்பதைத் தவிர்த்து ‘கருக்கு விளிம்பு’ என்றே எழுதுகிறேன். ‘அரவாய்’ சொல்லடைவில் ஒருமுறை வரும்.

---

சொல்லடைவில் இடமளித்தமைக்கு நன்றி; உடன்பாடு இல்லை. ‘கருக்கற்ற’ என்பதை அச்சகத்தில் ‘கருக்கலற்ற’ என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.